“சண்டை முடியட்டும், அப்புறம் படிக்கலாம்” என்பவர்களுக்கு

பல்லடம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆர்டர் குவிகிற மாதங்களில் அது ஒருவிதமாக வரும்: “நாலு காசு வர்ற நேரத்துல பொஸ்தகத்த விரிச்சுட்டு உக்காந்தா ஆகுமுங்களா?” ஆர்டர் படுத்துவிட்ட மாதங்களில் வேறுவிதமாக வரும்: “சோத்துக்கே இழுபறியா இருக்குதுங், இதுல காலேஜ் ஃபீஸ் வேறயாக்கும்?” பேச்சு இரண்டானாலும் முடிவு ஒன்றுதான். பையன் பவர் டேபிளில் கைமடியாகப் போய் நிற்பான். பெண் செக்கிங்கில் பிசிர் வெட்ட உட்காருவாள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும், பனியன் கம்பெனி வாசல்களில் இந்தப் பேச்சுக்குப் புது மிடுக்கு வந்துவிட்டது. வர்த்தகப் போர் நடக்கிறதாம்; போர்க்காலத்தில் படிப்பெல்லாம் அப்புறமாம்.

இந்தத் தீர்ப்பு பல்லடத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. உலகில் எங்கே குண்டு விழுந்தாலும், எங்கே ஊர் காலியானாலும், பெரியவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். முதலில் உயிர், பிறகு சோறு, பிறகு கூரை. எல்லாம் சரியானபின் படிப்பு. நிவாரணத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்களின் கணக்கிலும் படிப்புக்குக் கடைசிப் பந்திதான். அந்தப் படிப்பு இலக்கணமாகவோ வேதமாகவோ தத்துவமாகவோ இருந்துவிட்டால் பந்தியிலேயே இடமில்லை. இதற்கு மூன்று காரணம் காட்டுவார்கள். உயிர் போகிற நேரத்தில் பாடம் நடத்துவது பைத்தியக்காரத்தனம் என்பது ஒன்று. அந்த நேரத்துக்குப் பயன்படாத படிப்பு வெறும் ஆடம்பரம் என்பது இரண்டு. ஒருவன் எல்லையில் செத்துக்கொண்டிருக்க இன்னொருவன் ஏடு புரட்டுவது அநியாயம் என்பது மூன்று.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை காலம் செல்லுபடியாகிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் சொல்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: படிப்பை இன்று நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது. நம்மூர்த் தறியை அப்படி நிறுத்தலாம். ஆறு மாதம் கழித்துப் பட்டனை அமுக்கினாலும் பாவு பீமில் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து ஓடும். படிப்பு அப்படி ஓடாது. வாத்தியார் பிழைப்புத் தேடி வேறு ஊர் போயிருப்பார். பிள்ளைக்கு வயது ஏறியிருக்கும், கையில் சம்பளம் பழகியிருக்கும். மேல்வகுப்புப் பிள்ளையைப் பார்த்துக் கீழ்வகுப்புப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பழக்கம் அறுந்திருக்கும். ஒத்திவைக்கப்பட்ட படிப்பு என்று உலகில் ஒன்று கிடையாது. நின்ற படிப்பு உண்டு, நிற்காத படிப்பு உண்டு.

நர்சிங்கையோ பொறியியலையோ எடுத்துக்கொண்டு இதை நிறுவுவது சுலபம். ஆகவே கடினமான இடத்தில் தொடங்குகிறேன். எந்த வேலைக்கும் உதவாத, எந்தப் பட்டமும் தராத ஒரு படிப்பை, உலகம் கண்ட மிகக் கொடிய போரின் நடுவில் விடாமல் நடத்தியவர்களின் கதை அது.

இன்றைய பெலாரஸில் மிர் என்றொரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு யெஷிவா, அதாவது யூத வேதபாடசாலை இருந்தது. தல்மூத் என்னும் பெருநூலை இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து உரக்க வாசித்து, வரிக்கு வரி தர்க்கம் செய்து படிப்பது அங்குள்ள முறை. 1939 செப்டம்பரில் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் யூனியன் கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் நுழைந்தன. மிர் சோவியத் பங்கில் விழுந்தது. அங்கே வேதபாடசாலைக்கு இடமில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் லிதுவேனியாவின் வில்னியஸுக்குப் பெயர்ந்தார்கள். அங்கும் சோவியத் படை வந்தபோது சிறு சிறு ஊர்களில் பிரிந்து உட்கார்ந்து படித்தார்கள். 1940 கோடையில் கவுனாஸ் நகரில் இரண்டு தூதரக அதிகாரிகள் அவர்களுக்கு வழி திறந்தார்கள். டச்சுக்காரரான யான் ஸ்வார்டென்டைக், கரீபியக் கடலில் உள்ள கியூரசாவ் தீவுக்குப் போக விசா தேவையில்லை என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் துண்டுக் குறிப்பை ஆதாரமாக வைத்து ஜப்பானியரான சியூனே சுகிஹாரா, தன் அரசு தடுத்தும் கேளாமல், ஜப்பான் வழியாகப் போக ஆயிரக்கணக்கில் கைப்பட விசா எழுதினார்.

சைபீரியாவைக் கடக்கும் ரயிலில் விளாதிவொஸ்தொக், அங்கிருந்து கப்பலில் ஜப்பான், சில மாதம் கோபே நகரம், 1941இல் ஜப்பானியர் பிடியிலிருந்த ஷாங்காய் என்று மிர் யெஷிவா நகர்ந்தது. ஷாங்காயில் அவர்களுக்குப் படிக்கும் கூடமாக வாய்த்தது பெத் அகரோன் என்ற தொழுகைக்கூடம். அதைக் கட்டியவர் சைலஸ் ஹார்தூன். பாக்தாதில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, நம் நாட்டில் பஞ்சாலைகள் நடத்திய சசூன் குடும்பத்தின் கம்பெனியில் வேலை பார்த்து மேலே வந்தவர். ஏறக்குறைய முந்நூறு பேர் போர் முடியும்வரை அந்த ஊரில் படித்தார்கள். புத்தகம் போதாதபோது ஷாங்காயிலேயே தல்மூத் பகுதிகளை அச்சிட்டுக்கொண்டார்கள். அவர்கள் விட்டுவந்த மிர் ஊரில் 1941 நவம்பர் 9 அன்று யூதர்களைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத நிலையில் அந்தப் பிள்ளைகள் மறுநாளும் ஏட்டைத் திறந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவின் யெஷிவாக்களில் போரைத் தாண்டி முழுதாக எழுந்து வந்தது மிர் ஒன்றுதான் என்பார்கள். ஜெருசலேமில் அதன் கிளையில் இன்று ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள்.

“அவர்களைக் காப்பாற்றியது விசா, தல்மூத் அல்லவே” என்று ஒருவர் மடக்கலாம். சரிதான். ஆளைக் காப்பாற்றியது விசா. அதே விசாவோடு தப்பிய வேறு பலர் தனித்தனி அகதிகளாகத் தப்பி, தனித்தனி வாழ்க்கைகளில் கரைந்தார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் மிர் என்ற பாடசாலையைக் காப்பாற்றியது எந்த முத்திரையும் அல்ல, நாள்தவறாத பாடம்தான். இன்னொன்றும் உண்டு. ஒன்றாகப் படித்ததால்தான் அவர்கள் ஒன்றாகக் கிளம்பவும், ஒன்றாகப் பட்டினி கிடக்கவும், ஒன்றாகக் கரையேறவும் முடிந்தது. படிப்பு அவர்களுக்கு உயிருக்கு அடுத்த காரியமாக இருக்கவில்லை. உயிரைக் கூட்டிக்கட்டிய கயிறே அதுதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பேட்டரி, எரிபொருள் எல்லாம் தடைப்பட்டியலில். செய்தித்தாள்கள் கொப்பித் தாளில், அதாவது நோட்டுப் புத்தகத் தாளில், அச்சாயின. அதற்கடுத்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படித்த வெளிச்சத்தைப் பற்றி நம்மூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சைத் திணித்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நடுவில் சிறு திரியை நிறுத்துவார்கள். கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாது, கொஞ்ச எண்ணெயில் நெடுநேரம் நின்று எரியும். நம் மில்களில் காற்றில் பறந்து தரையில் கூட்டித் தள்ளப்படும் அளவுக்கான பஞ்சு. அதை வைத்து ஒரு பிள்ளை உயர்தரத் தேர்வுக்கு, அதாவது அங்கத்துப் பிளஸ் டூவுக்கு, கணக்குப் போட்டது. அதைவிட வியப்பு இன்னொன்று. போர் செய்துகொண்டே இலங்கை அரசு அந்தப் பகுதி ஆசிரியர்களுக்குச் சம்பளம் அனுப்பியது, அரசுத் தேர்வும் நடத்தியது. துப்பாக்கிகள் எதிரெதிரே நின்ற எல்லைக்கோட்டைத் தாண்டி வினாத்தாள் போய்வந்தது. சண்டையிட்ட இரு தரப்பும்கூட முழுதாக நிறுத்தத் துணியாத ஒன்றை, சண்டையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு நிறுத்தச் சொல்கிறோம்.

உயிர்தான் முதலில் என்ற முதல் வாதக்காரர் கையில் இருக்கும் வலுவான சான்றையும் மறைக்கப்போவதில்லை. 1995 செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கின் நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்தின் மீது விமானக் குண்டு விழுந்து பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்திருந்ததால்தானே ஒரே இடத்தில் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேட்டால் அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. விமானம் வரும்போது பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கூட்டிவைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு அது தெரியாததல்ல. பள்ளி வளவில் பதுங்குகுழி வெட்டினார்கள். வகுப்பை மரத்தடிக்கும் கோயில் மண்டபத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் பிரித்துக்கொண்டு போனார்கள். கட்டடத்தை மூடு என்பது நியாயமான எச்சரிக்கை. படிப்பை மூடு என்பது அந்த எச்சரிக்கையின் மறைவில் உள்ளே நுழையும் வேறு சமாச்சாரம். உக்ரைனின் கார்கிவ் நகரம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏவுகணை வந்தால் எச்சரிக்கப் பெரும்பாலும் நேரம் கிடைக்காது. 2023 செப்டம்பரில் அங்கே சுரங்க ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறை அமைத்தார்கள். கட்டடம் மூடியது, பாடம் மூடவில்லை.

கட்டடமில்லாமல் ஒரு பள்ளி எத்தனை காலம் பள்ளியாக இருக்க முடியும்? காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியைப் பாருங்கள். 1990இல் இடம்பெயர்ந்தது. அதன் நிலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. பள்ளி அதே பெயரோடு வேறு இடங்களில் நடந்தது. 2016இல்தான் சொந்த மண் திரும்பக் கிடைத்தது. 26 ஆண்டுகள்! இடம்பெயர்ந்தபோது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, சொந்த வளவு திரும்பியபோது தன் பிள்ளையை அங்கே சேர்க்கும் வயதில் இருந்திருக்கும். “நிலம் வரட்டும், பிறகு பள்ளியைத் தொடங்கலாம்” என்று காத்திருந்தால், திரும்பக் கிடைத்த நிலத்தில் திறப்பதற்கு ஒரு பள்ளி மிச்சமிருந்திருக்காது. 1995 அக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து லட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு நடந்ததே, அப்போதும் அங்கிருந்த பள்ளிகள் இடம்பெயர்ந்த பள்ளிகளோடு நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. காலையில் ஒரு பள்ளி, மதியத்துக்குமேல் அதே பெஞ்சில் இன்னொரு பள்ளி. 2009 மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்தபின், மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் இருந்த பிள்ளைகள் அதே ஆகஸ்டில் உயர்தரத் தேர்வு எழுதினார்கள்.

“சண்டை முடியட்டும்” என்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இலங்கையில் போர் மூண்ட 1983 ஜூலையில் ஐந்து வயதாயிருந்த குழந்தைக்கு, 2009இல் போர் முடிந்தபோது வயது 31. அந்தப் பிள்ளை எந்த வருடம் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும்? போர்கள் கல்வியாண்டு பார்த்து முடிவதில்லை. எல்லாப் போரும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் தொடங்குகிறது. ‘பிறகு’ என்ற சொல்லை நம்பி ஒரு தலைமுறையை உட்காரவைத்தால், போர் முடிகிற நாளில் வெடிப்பதற்கு எதுவும் இருக்காது என்பது உண்மை. கட்டுவதற்குத் தெரிந்த ஆளும் இருக்கமாட்டார்.

ஒத்திவைக்கச் சொல்வது அரசும் ராணுவமும் மட்டுமல்ல. விடுதலையின் பெயரால் பேசியவர்களும் சொன்னார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறையிலிருந்தே இயக்கங்களுக்குக் கிளம்பிப் போனார்கள். அந்தச் சூழலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நின்றவர் ராஜினி திராணகம. இங்கிலாந்தில் ஆய்வு முடித்து, அங்கேயே தங்கிவிட வழியிருந்தும் திரும்பி வந்து, மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையில் பல்கலைக்கழக வளாகமே களமானது. அதை மறுபடி திறக்கவைக்க ஓடியாடியவர்களில் அவரும் ஒருவர். இலங்கை ராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என்று யாரையும் விடாமல் மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு அப்போது 35 வயது. ஆனால் அந்த மருத்துவ பீடம் நிற்கவில்லை. அடுத்த இருபது வருடப் போரில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பீடத்தில் படித்து வந்தவர்கள். முதலில் உயிர் என்கிறார்களே, அந்த உயிரைக் காப்பாற்ற வந்த கைகள் போர்க்காலத்தில் நிறுத்தாத வகுப்பிலிருந்து வந்தவை.

“மருத்துவம் சரி, இலக்கணமும் வேதமும் எதற்கு?” என்பது இரண்டாவது வாதம். இதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னை என்று ஊரே கலைந்துகொண்டிருந்தது. அந்தக் கலவரத்தில் ஊரைவிட்டுத் திருக்கழுக்குன்றம் போனவர்களில் 87 வயது உ.வே.சாமிநாதையர் ஒருவர். அந்த மாதம் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். அவருடைய ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது 1940 முதல். அதாவது உலகப் போரின் நடுவில். போருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதையும், ஏட்டுச்சுவடி தேடி அலைந்ததையும் ஒரு கிழவர் எழுதிக்கொண்டிருந்தார். ஊர் எரிகிறபோது இது எதற்கு என்று யாராவது பேனாவைப் பிடுங்கியிருந்தால், அதை நாம் எந்தச் சமாதானக் காலத்திலும் திரும்ப வாங்கியிருக்க முடியாது. எழுத அவர் இருந்திருக்கமாட்டார். அவர் இறந்து மறுவருடம், 1943இல், போர் இன்னும் ஓயாத நேரத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் அவர் பெயரில் நூலகம் தொடங்கினார். இன்று சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்கிறவர்கள் அதன் படியேறாமல் இருக்க முடியாது.

பயனற்றது என்று நாம் சொல்லும் படிப்பின் விலை அதை அழிக்க வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும். 1242இல் பாரிஸில் தல்மூத் ஏடுகளை 24 வண்டி கொண்டுவந்து கொளுத்தினார்கள். அவை வெறும் ஆடம்பரம் என்றால் அரசனுக்கும் திருச்சபைக்கும் அத்தனை வண்டி பிடிக்கவேண்டிய அவசியம் என்ன? 1981 மே 31 இரவும் அடுத்த நாளும் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதில் ஆயுதக் கிடங்கு இல்லை, அரிசி மூட்டை இல்லை. எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, அங்கே இருந்தது ஒரு சமூகத்தின் நாளைய பேச்சு என்று. 2024 ஜனவரியில் காசாவில் இஸ்ரா பல்கலைக்கழகத்தை இஸ்ரேல் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. அங்குள்ள மற்றப் பல்கலைக்கழகங்களும் சேதமாகி இடிபாடாயின. இடிந்த இடத்தின் அருகே கூடாரங்களில் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். படிப்பு கடைசிப் பந்திக்காரன் என்று நம்புகிறவர்கள் பாதுகாப்பான ஊர்களில்தான் அதிகம். குண்டு போடுகிறவனும் நம்புவதில்லை, குண்டுக்கு நடுவில் இருக்கிற வாத்தியாரும் நம்புவதில்லை.

மூன்றாவது வாதம் நியாயத்தைப் பற்றியது. இருப்பதில் கனமானது இதுதான். இன்று இது மிகக் கூர்மையாக எழுவதும் இஸ்ரேலில்தான். 1948இல் டேவிட் பென்குரியன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்கு ராணுவச் சேவையைத் தள்ளிவைத்தார். ஐரோப்பாவில் யெஷிவாக்கள் சாம்பலான நேரம். மிச்சத்தைப் பேண ஒரு சின்னச் சலுகை. அது வருடாவருடம் பெருகிப் பல்லாயிரம் பேருக்கான விலக்காக வளர்ந்தது. 2023 அக்டோபர் 7க்குப் பிறகு போர் நீண்டு, மற்ற வீட்டுப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படைக்கு அழைக்கப்பட்டபோது ஆத்திரம் வெடித்தது. சட்ட ஆதாரமில்லாமல் இந்த விலக்கைத் தொடர முடியாது என்று 2024 ஜூன் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எங்கள் படிப்பே நாட்டைக் காக்கும் கவசம் என்பது யெஷிவாத் தரப்பின் பதில்.

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. படிப்பு எந்தக் குண்டையும் தடுக்காது. ஆனால் எதிர்த்தரப்பு அதிலிருந்து எடுக்கும் முடிவும் தவறு. படிப்பு நிற்கக் கூடாது என்பது ஒரு கொள்கை. படிக்கிறவன் மட்டும் ஊர்ச்சுமையைத் தூக்க வேண்டாம் என்பது வேறொரு கோரிக்கை. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டு, இரண்டாவதன் அநியாயத்தைக் காட்டி முதலாவதை வெட்டுகிறார்கள். அதே இஸ்ரேலில் ஹெஸ்டர் என்ற வகை யெஷிவாக்களில் படிப்பும் படைச் சேவையும் மாறி மாறி நடக்கின்றன. ஒரு நாட்டின் போர் சரியா தவறா என்பது தனி வழக்கு. அதில் என் கருத்து காசாவின் இடிபாட்டைப் பார்த்தபின் இன்னொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய அளவுக்கு மறைவானதல்ல. இங்கே நான் சொல்வது இவ்வளவுதான்: சுமையைப் பகிர்ந்துகொண்டே படிக்க முடியும். ஷாங்காயில் மிர் மாணவர்கள் அகதி வாழ்வின் சுமையோடுதான் படித்தார்கள். யாழ்ப்பாணத்தில் அகதிகளுக்குச் சமைத்ததும் பதுங்குகுழி வெட்டியதும் படித்துக்கொண்டிருந்த அதே பிள்ளைகள்.

நியாயம் பேசுகிறவர்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒத்திவைக்கச் சொல்லப்படுவது எப்போதும் யாருடைய படிப்பு? போர் நடத்திய தலைவர்களின் பிள்ளைகள் பல நாட்டிலும் வெளிநாட்டில் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கேயும் பாருங்கள். வரி ஏறி ஆர்டர் விழுந்த மாதத்தில் கம்பெனி முதலாளி வீட்டுப் பையன் கோயம்புத்தூரில் படிக்கும் எம்.பி.ஏ.வை நிறுத்தினானா? நிறுத்தவில்லை, நிறுத்தவும் வேண்டாம். “காலம் சரியில்லை” என்ற அறிவுரை டேபிளில் நிற்கிறவர் வீட்டை மட்டும் தேடிப் போகிறது. ஏழையின் படிப்புக்கு மட்டும் சமாதானக் காலம் தேவைப்படுகிறது. அவன் வீட்டில் சமாதானக் காலம் என்றைக்கு இருந்தது?

இதற்கு மறுமொழியாக நடைமுறையில் ஒன்றைச் செய்து காட்டியவர்களும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்த ஈழ அகதிகள். 1984இல் ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முதல் நாளிலிருந்தே படிப்பைப் பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குக் கூரை கேட்ட அதே மூச்சில் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டார்கள். முகாமில் படித்து வந்த பிள்ளைகளே மாலையில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அகதிப் பிள்ளைகளின் படிப்பு வாய்ப்புகள் முடங்கின. பிறகு போராடி மீட்டார்கள். ஊர் இல்லை, குடியுரிமை இல்லை, நிரந்தர வேலைக்கு உத்தரவாதமில்லை. ‘முதலில் எல்லாம் சரியாகட்டும்’ என்று சொல்ல இந்த உலகில் யாருக்காவது உரிமை இருந்தால் அது அவர்களுக்குத்தான். அவர்கள் சொல்லவில்லை.

பல்லடத்தில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு ரகசியம் ஒன்றுமில்லை. படிக்கிற பிள்ளை வேலைக்கே போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பதினெட்டு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் போய்ப் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் சம்பாதித்துக்கொண்டே கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அது தொடர்ச்சி. “இந்த வருஷம் நின்னுக்க, அடுத்த வருஷம் சேத்துக்கலாம்” என்பது முறிவு. அடுத்த வருஷம் யாரும் சேர்வதில்லை. அது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கூலி குறைந்த மாதத்தில் கல்லூரி நிர்வாகம் ஃபீஸைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிகள் பரீட்சை மாதத்தில் ஓவர்டைம் கேட்காமல் இருக்கலாம். தீபாவளிக்கு போனஸ் கேட்டு உட்காரும் சங்கங்கள், பிள்ளைகள் படிப்புக்கென ஒரு வரியைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். போர் நடந்த ஊர்களில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் செய்ததைவிட இதெல்லாம் மிகச் சின்ன வேலை.

படிப்பை நிறுத்தச் சொல்ல எல்லாக் காலத்திலும் ஒரு காரணம் கிடைக்கும். ஒருநாள் குண்டு, ஒருநாள் கொரோனா, ஒருநாள் வரி, ஒருநாள் நூல் விலை. காரணங்கள் உண்மையானவை, வலியும் உண்மையானது. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பொய். ஆகவே இனி யாராவது “காலம் சரியாகட்டும், அப்புறம் படிக்கலாம்” என்று அறிவுரை சொன்னால், திருப்பி ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தத் தேதியில் சரியாகும், அந்தத் தேதிவரை இந்தப் பிள்ளையின் வயதை யார் நிறுத்தி வைப்பது? பதில் சொல்ல முடியாதவருக்கு அறிவுரை சொல்லும் தகுதியும் இல்லை.